வெள்ளைச் சோறும் மைதாவும் ரத்த அழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவர் கருவியைக் கையில் கட்டி 150/94 என்று சொன்னதும், வீட்டில் முதலில் தண்டனை பெறுவது உப்பு ஜாடி. சோற்றுப் பானையின் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அண்மைக் காலமாக இதற்கு நேர்மாறான கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கிறது: வெள்ளை அரிசி விஷம், மைதா அதைவிடக் கொடிய விஷம், இரண்டையும் விட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறது. இரு தரப்பிலிருந்தும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தீட்டிய தானியம் என்றால் எவை எவை?

நெல்லின் உமியை மட்டும் நீக்கினால் தவிட்டோடு கூடிய பழுப்பரிசி கிடைக்கும். அந்தத் தவிட்டையும் நுனியில் இருக்கும் முளையையும் ஆலையில் தேய்த்து எடுத்துவிட்டால், மாவுச்சத்து நிறைந்த வெள்ளை உட்பகுதி மட்டும் மிஞ்சும். கோதுமையில் இதையே செய்தால் மைதாவும் ரவையும் வருகின்றன. ஆகவே வெள்ளைப் பச்சரிசி, தீட்டிய புழுங்கலரிசி, அவற்றில் செய்யும் இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், பரோட்டா, பன், பிரெட், பாண், பிஸ்கட், பப்ஸ், நூடுல்ஸ், ரவை உப்புமா, சேமியா எல்லாம் இந்தக் கூட்டம்தான். ஜவ்வரிசி தானியமே இல்லை. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்வது. ஆனால் வயிற்றுக்குள் போனபின் அதற்கும் மைதாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தீட்டும்போது என்ன போகிறது என்பதுதான் ரத்த அழுத்தக் கதையின் தொடக்கம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் முழுக்கோதுமை மாவில் மக்னீசியம் 137 மில்லிகிராம், பொட்டாசியம் 363 மில்லிகிராம், நார்ச்சத்து 10.7 கிராம். அதே 100 கிராம் மைதாவில் மக்னீசியம் 22, பொட்டாசியம் 107, நார்ச்சத்து 2.7 கிராம். அரிசியிலும் இதே கதைதான். தவிட்டோடு இருக்கும் அரிசியின் மக்னீசியத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தீட்டிய பச்சரிசியில் தங்குகிறது.

இவற்றைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது நிரூபணம் ஆன விஷயமா?

முழுதாக ஆகவில்லை. ஆனால் சந்தேகப்படுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன.

பெரிய சான்று, 2021-இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வெளியான ப்யூர் ஆய்வு. 21 நாடுகளில் 1,37,130 பேரைச் சராசரியாக ஒன்பதரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கட்டுரையின் முதல் ஆசிரியர் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் சுமதி சுவாமிநாதன். நாளொன்றுக்கு 350 கிராமும் அதற்கு மேலும் தீட்டிய தானியம் சாப்பிட்டவர்களை, 50 கிராமுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய ரத்தக்குழாய் பாதிப்புகள் 33 விழுக்காடு கூடுதலாக இருந்தன. தீட்டிய தானியம் கூடக்கூட மேல் அளவு ரத்த அழுத்தமும் (150/94 என்பதில் 150) கூடியிருந்தது.

நம் வீட்டருகே நடந்த ஆய்வும் உண்டு. சென்னை மாநகரத்தில் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் உணவை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய மொத்தக் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே வந்தது. அதில் முக்கால் பங்கு வெள்ளை அரிசி. அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு, மேல் கீழ் ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாமே கூடுதலாக இருந்தன.

எதிர்த்தரப்புச் சாட்சியும் இருக்கிறது. அமெரிக்காவில் சுகாதாரத் துறையில் பணியாற்றிய 28,926 பெண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2007-இல் வெளியானது. முழுதானியம் நிறையச் சாப்பிட்ட பெண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு 11 விழுக்காடு குறைவாக இருந்தது. தீட்டிய தானியத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதில் எந்தத் தொடர்பும் தென்படவில்லை.

இவை யாவும் உணவை மாற்றிப் பார்க்காமல் கவனிக்க மட்டும் செய்த ஆய்வுகள். ஒருவர் என்ன சாப்பிட்டார், பிறகு அவருக்கு என்ன ஆனது என்று குறித்துக்கொள்வார்கள். காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. மைதா அதிகம் சாப்பிடுகிறவர் காய்கறி குறைவாகச் சாப்பிடுகிறவராகவும், கடைச் சாப்பாட்டையே நம்பி இருப்பவராகவும் இருக்கக்கூடும். அதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் முடிவு சொல்கிறார்கள் என்றாலும், எல்லாவற்றையும் கழித்துவிட முடியாது.

அப்படியென்றால் வெள்ளைச் சோறு குற்றவாளியா, இல்லையா?

ப்யூர் ஆய்வில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் இடம் ஒன்று உண்டு. அங்கே வெள்ளை அரிசியைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். இதய நோயோடும் இறப்போடும் அதற்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. சிக்கிக்கொண்டவை மைதாவில் செய்த பிரெட், நூடுல்ஸ், பாஸ்தா, பிஸ்கட், இனிப்பு ரொட்டிகள் போன்றவை. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், அரிசி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் குறைவாகவும், ரத்தச் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகவும் இருந்தது.

இதைவிட வியப்பான பழைய கதை ஒன்று இருக்கிறது. ஹிட்லர் காலத்து ஜெர்மனியிலிருந்து வெளியேறி அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், 1939 முதல் கடும் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ள நோயாளிகளுக்கு ஓர் உணவுமுறையைக் கொடுத்தார். வெள்ளைச் சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. இவ்வளவுதான். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, பால் இல்லை. சோடியம் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமைத் தாண்டவில்லை. அதாவது அரை கிராம் உப்புக்கும் குறைவு. அக்காலத்தில் இந்த நோய்க்குச் சரியான மருந்து கிடையாது. கடும் நிலையில் வந்தவர்கள் சில மாதங்களில் பெரும்பாலும் இறந்துபோவார்கள். கெம்ப்னரின் நோயாளிகளில் பலருக்கு அழுத்தம் இறங்கியது, பெருத்திருந்த இதயம் சுருங்கியது, கண்ணின் விழித்திரையில் இருந்த ரத்தக் கசிவுகூட மறைந்தது. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னதை அவருடைய ஜெர்மன் உச்சரிப்பில் தவறாகப் புரிந்துகொண்டு ஒரு பெண் இரண்டு மாதம் கழித்து வந்தார் என்றும், அந்த நீண்ட காலம்தான் முழுப் பலனைக் காட்டியது என்றும் சொல்வார்கள்.

இதை யாரும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். மருத்துவமனைக் கண்காணிப்பில் செய்த, இன்று வழக்கொழிந்த சிகிச்சை அது. ஆனால் வெள்ளைச் சோறு தன்னளவில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் விஷம் என்று சொல்பவர்கள் கெம்ப்னரை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று தெரியவில்லை.

என் கணிப்பு இது. தீட்டிய தானியத்தின் மீதான குற்றம் மூன்று இடங்களில் இருக்கிறது: சாப்பிடும் அளவில், அதோடு சேர்ந்து வரும் உப்பில், அது தட்டிலிருந்து தள்ளிவிடும் காய்கறியிலும் பயறிலும். சோற்றை உப்பில்லாமல் வடிக்கலாம். பிரெட்டையும் பரோட்டாவையும் உப்பில்லாமல் விற்க முடியாது. மைதா மாட்டிக்கொண்டு அரிசி தப்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அரிசிக்கு இதனால் முழு விடுதலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சர்க்கரை நோய் வழக்கில் அது இன்னும் கூண்டில்தான் நிற்கிறது. சர்க்கரை நோய் வந்தவர்களுக்கு ரத்த அழுத்தமும் கூடவே வருவது வழக்கம்.

மாவுச்சத்து ரத்த அழுத்தத்தை எப்படி ஏற்றும்? உப்புதானே ஏற்றும்?

தீட்டிய மாவு விரைவாகச் செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்கிறது. அதைச் சமாளிக்கக் கணையம் இன்சுலினை அள்ளி விடுகிறது. இன்சுலினுக்குச் சர்க்கரையைக் கையாள்வது மட்டும் வேலையில்லை. சிறுநீரகத்தில் சோடியத்தை வெளியே விடாமல் திரும்ப உறிஞ்சச் செய்கிறது, இதயத்துடிப்பைக் கூட்டி ரத்தக் குழாய்களை இறுக்கும் பரிவு நரம்பு மண்டலத்தையும் தூண்டுகிறது. தொப்பை போட்டவர்களிடம் தசைகள் இன்சுலினின் பேச்சைக் கேட்பதில்லை, ஆனால் சிறுநீரகம் தொடர்ந்து கேட்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க, உடலில் உப்பும் நீரும் தேங்குகின்றன. ஒரே அளவு உப்பைச் சாப்பிட்டாலும் அதை வெளியேற்றும் திறன் இவர்களுக்குக் குறைந்துவிடுகிறது.

அடுத்தது பொட்டாசியம். அது சிறுநீரில் சோடியத்தை வெளியேற்றவும் ரத்தக் குழாய்ச் சுவர்கள் தளரவும் உதவுகிறது. மக்னீசியமும் குழாய்கள் இறுகாமல் இருக்கத் துணை செய்கிறது. தட்டில் பாதிக்கு மேல் தீட்டிய தானியமாக இருக்கும்போது இவை இரண்டும் குறைந்துபோகின்றன. மூன்றாவது, எல்லோருக்கும் தெரிந்தது: உடல் எடை. நார்ச்சத்து இல்லாத உணவில் வயிறு நிறைந்த உணர்வு வரத் தாமதமாகும். அதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போயிருக்கும்.

இட்லிகூடவா கெடுதல்?

இட்லியில் உளுந்து சேர்கிறது, புளிக்கிறது, எண்ணெய் இல்லை. மற்ற பலகாரங்களோடு ஒப்பிட்டால் நல்ல உணவு. உப்புக் கணக்கை மட்டும் போட்டுப் பாருங்கள். நான்கு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து ஊறவைத்து அரைத்த மாவுக்கு இரண்டு டீஸ்பூன் தூளுப்பு போட்டால் 10 முதல் 12 கிராம். அதில் ஏறத்தாழ 50 இட்லி வரும். ஆக ஓர் இட்லிக்குக் கால் கிராமுக்குள். நான்கு இட்லிக்கு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவு. சாம்பாரும் சட்னியும் சேர்ந்தால் அது இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பு 5 கிராம். ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். காலை ஒன்பது மணிக்கே பாதி தீர்ந்துவிடுகிறது.

இட்லியை விட வேண்டியதில்லை. மாவில் உப்பைப் பாதியாக்குங்கள். சட்னி சுவையைச் சமன் செய்துவிடும். உளுந்தின் பங்கைச் சற்றுக் கூட்டலாம். இட்லி மிளகாய்ப் பொடியில் இருக்கும் உப்பைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பரோட்டா?

பரோட்டாக் கடையில் மாவு பிசைவதை நின்று பாருங்கள். மைதாவைக் குவித்து நடுவில் குழி செய்து, தண்ணீரில் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் கரைத்து ஊற்றுவார்கள். சில கடைகளில் ஆப்ப சோடாவும் சேரும். பிசைந்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு ஊறவிடுவார்கள். உருண்டைகளை வீசி விரிக்கும்போது மறுபடி எண்ணெய், சுருட்டும்போது மறுபடி எண்ணெய், கல்லில் போட்டபின் இன்னொரு கை எண்ணெய். ஒரு கிலோ மைதாவுக்கு உப்பு பெரும்பாலும் 15 கிராமுக்குக் குறையாது. பதினாறு முதல் இருபது பரோட்டா வந்தால், மூன்று பரோட்டா சாப்பிடுபவருக்கு மாவிலிருந்து மட்டுமே சுமார் இரண்டரை கிராம் உப்பு போய்விடுகிறது. சோடாவிலும் சோடியம் உண்டு. ஒரு டீஸ்பூனில் 1,200 மில்லிகிராமுக்கு மேல். அதன் பிறகு வருகிறது சால்னா. பிய்த்துப் போட்ட பரோட்டா சால்னாவை எவ்வளவு உறிஞ்சும் என்பது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

கொத்துப் பரோட்டா இதே கணக்கின் நீட்சி. இலங்கையின் கொத்துரொட்டியும் அப்படியே.

ரத்த அழுத்தம் உள்ளவர் மாதம் ஒரு முறை இரண்டு பரோட்டா சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. இரவுதோறும் பரோட்டாக் கடையே சமையலறை என்று இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

மைதாவை வெளுக்கச் சேர்க்கும் ரசாயனத்தால்தான் நோய் வருகிறது என்கிறார்களே?

அலாக்ஸான் என்ற பொருளைச் சொல்கிறார்கள். ஆய்வகத்தில் எலிகளுக்கு அதைப் பெரிய அளவில் ஊசி மூலம் செலுத்திச் சர்க்கரை நோய் உண்டாக்குவது உண்மை. வெளுத்த மாவில் தடயமாக இருக்கக்கூடிய அளவால் மனிதருக்கு நோய் வந்ததற்குச் சான்று இல்லை. மைதாவைக் குறைக்க இந்தப் பயமுறுத்தல் தேவையே இல்லை. மேலே சொன்ன காரணங்களே போதும்.

கடையில் பழுப்பு நிற பிரெட் வாங்குகிறோம். பரவாயில்லையா?

நிறத்தை நம்பாதீர்கள். உறையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்தியச் சட்டப்படி, சேர்மானங்களை எடையில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில் எழுத வேண்டும். முதல் பெயரே சுத்திகரித்த கோதுமை மாவு அல்லது மைதா என்று இருந்தால், முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் எத்தனை போட்டிருந்தாலும் அது மைதா பிரெட்தான். பழுப்பு நிறம் பல நேரங்களில் கேரமல் நிறமியின் வேலை. ‘மல்டிகிரெய்ன்’ என்ற சொல் பல தானியம் இருப்பதைச் சொல்கிறது. அவை முழுதாக இருப்பதாகச் சொல்வதில்லை.

முழுக்கோதுமை 60, 70 விழுக்காடு என்று எழுதியிருந்தால் வாங்கலாம். அடுத்து ஊட்டச்சத்துப் பட்டியலில் சோடியத்தைப் பாருங்கள். 100 கிராமுக்கு 400 மில்லிகிராம் சோடியம் என்றால் ஒரு கிராம் உப்பு என்று பொருள். சோடியத்தை இரண்டரையால் பெருக்கினால் உப்பு வந்துவிடும். முழுக்கோதுமை பிரெட்டிலும் இந்த உப்பு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். மாவுச்சத்தின் அளவை நார்ச்சத்தின் அளவால் வகுத்துப் பார்ப்பதும் நல்ல வழி: பத்து அல்லது அதற்குக் குறைவாக வந்தால் தேறும்.

சப்பாத்திக்கு மாறிவிட்டேன். போதுமா?

கோதுமை வாங்கி மில்லில் அரைத்து, சலிக்காமல் பிசைந்தால் நல்லதுதான். சலித்துக் கப்பியைக் கொட்டிவிட்டால் பாதி லாபம் போயிற்று. மாவில் உப்பு போடாமலே சப்பாத்தி செய்யலாம். குருமாவில் இருப்பது போதும். சோற்றை விட்டுவிட்டோம் என்ற தெம்பில் ஆறு சப்பாத்தி சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

புழுங்கலரிசி, சிவப்பரிசி, கைக்குத்தல் அரிசி: இவற்றில் எது நல்லது?

புழுங்கலரிசிக்கு ஒரு வரலாற்றுப் பெருமை உண்டு. 1918-இல் குன்னூரில் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கி, பின்னாளில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த அமைப்பு முதலில் ஆராய்ந்தது பெரிபெரி நோயை. வைட்டமின் பி1 குறைவால் வருவது அது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் அந்நோய் இருந்தது; புழுங்கலரிசி உண்ட பகுதிகள் தப்பித்தன. நெல்லை வேகவைக்கும்போது தவிட்டில் உள்ள பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுவதே காரணம். அந்த அளவில் புழுங்கலரிசி பச்சரிசியை விட மேல். ஆனால் அதையும் தீட்டியே விற்கிறார்கள். நார்ச்சத்து போவது போனதுதான்.

சிவப்பு நிறம் தவிட்டில்தான் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளைச் சம்பாவோ வேறு சிவப்பரிசியோ வெளுக்கத் தீட்டப்பட்டிருந்தால் பெயருக்குத்தான் பாரம்பரிய ரகம். கைக்குத்தல் என்று விற்பதில் பெரும்பகுதி உண்மையில் உமி மட்டும் நீக்கும் இயந்திரத்தில் வருவது. அதில் தவறில்லை, தவிடு இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றினால் வேகாமல் வெறுப்பேற்றும், மூன்று நான்கு மணி நேரமாவது ஊறட்டும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். மூட்டையாக வாங்காமல் இரண்டு மூன்று கிலோவாக வாங்குங்கள்.

சிறுதானியம் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் குறையுமா?

கேழ்வரகும் கம்பும் தோலோடு அரைபடுவதால் நல்லவை. 100 கிராம் கேழ்வரகில் மக்னீசியம் 146 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. சாமை, வரகு, குதிரைவாலி, தினை ஆகியவற்றில் இப்போது ஒரு சிக்கல். வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் விற்கிறது என்று அவற்றையும் தீட்டிவிடுகிறார்கள். அரிசிக்கு நூறாண்டுகளில் நேர்ந்தது வரகுக்குப் பத்தாண்டில் நேர்ந்துகொண்டிருக்கிறது. சற்று மங்கலாகவும் பழுப்பாகவும் இருப்பதைத் தேடி வாங்குங்கள். சிறுதானிய நூடுல்ஸ், சிறுதானியக் குக்கீஸ் என்று வருபவற்றின் உறையிலும் முதல் பெயர் என்ன என்று பாருங்கள். பல நேரங்களில் அங்கே மைதா உட்கார்ந்திருக்கும்.

ஓட்ஸ்?

நல்லதுதான். மசாலா கலந்த சிறு பாக்கெட் ஓட்ஸ் வேண்டாம், உப்பு அதிகம்.

உப்பைக் குறைத்துவிட்டேன். தானியத்தையும் மாற்ற வேண்டுமா?

இரண்டையும் சேர்த்துச் செய்தால் பலன் பெரிது. 1997-இல் வெளியான டாஷ் ஆய்வில் 459 பேருக்குக் காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால், முழுதானியம், பருப்பு, கொட்டைகள் மிகுந்த உணவைச் சமைத்தே கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கவில்லை, எடையைக் குறைக்கவும் விடவில்லை. அப்படியும் உயர் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. இரண்டு வாரத்திலேயே அந்த மாற்றம் தெரிந்துவிட்டது. உப்பையும் சேர்த்துக் குறைத்தால் இன்னும் இறங்குகிறது என்று 2001-இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது.

தானியத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதை ஸ்காட்லாந்தில் சோதித்தார்கள். தீட்டிய தானியத்துக்குப் பதிலாக நாளுக்கு மூன்று பங்கு முழுதானியம் 12 வாரம் சாப்பிட்ட நடுத்தர வயதினருக்கு, தீட்டியதையே தொடர்ந்தவர்களை விட மேல் அளவு சுமார் 6 புள்ளி குறைந்தது. ஒரு மாத்திரையின் பலனுக்கு அருகில் வரும் அளவு இது. எல்லா ஆய்விலும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை.

தட்டில் சோறு எவ்வளவு இருக்கலாம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது; அதில் பெரும்பங்கு வெள்ளை அரிசி, அரைத்த தானியம், சர்க்கரை. இதே ஆய்வின் 2023 முடிவுகளில் 35.5 விழுக்காடு பெரியவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகக் கணித்தார்கள். முதலாவதுதான் இரண்டாவதற்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் சோற்றைக் குறைக்க நமக்கு நிறைய இடம் இருக்கிறது என்பது தெரிகிறது.

கிராம் கணக்கு பார்த்துச் சாப்பிடுவது நம்மில் பலருக்கு நடக்காத காரியம். வேறு வழி: கூட்டையும் பொரியலையும் முதலில் பரிமாறிக்கொள்ளுங்கள். தட்டின் பாதியை அவை பிடித்துக்கொள்ளட்டும். சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை சோறு வாங்கும் பழக்கத்தில் ஒரு முறையை வெட்டி, அந்த இடத்தில் சுண்டலோ முளைகட்டிய பயறோ வையுங்கள். மாவுச்சத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் புரதமோ நல்ல கொழுப்போ வைத்தால் ரத்த அழுத்தம் மேலும் சற்று இறங்குகிறது என்று 2005-இல் ஓம்னிஹார்ட் ஆய்வு காட்டியிருக்கிறது. வேர்க்கடலை, பயறு, மொச்சை, மீன் எல்லாம் இதற்கு உதவும். சோற்றில் உப்பு போட்டு வடிக்கும் வழக்கம் உள்ள வீடுகள் அதை இன்றே நிறுத்தலாம்.

ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகியவை சோறு இருப்பதால்தான் தட்டுக்கு வருகின்றன. ஓர் அப்பளத்தில் அரை கிராமுக்குச் சற்றுக் குறைவான உப்புக்கு ஈடான சோடியம் இருக்கிறது. சோறு குறைந்தால் இவையும் தாமாகக் குறைகின்றன. சோற்றைக் குறைப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் இதுதான் என்றுகூடச் சொல்வேன்.

நான் ஒல்லி, சர்க்கரை நோயும் இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

உப்பைப் பற்றியது முழுக்கப் பொருந்தும். இன்சுலின் பற்றியது குறைவாகப் பொருந்தும். ஆனால் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளியிருப்பவர் தம்மை ஒல்லி என்று கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கைக் கோடு.

மாற்றத்தின் பலனை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் ஒரு கருவி வாங்கி வைத்துக் குறித்து வாருங்கள். அளப்பதற்கு அரை மணி முன்பு காபி, பீடி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கை இதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. ஒரு நாள் எண்ணைப் பார்த்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்; வாரச் சராசரியைப் பாருங்கள்.

உணவை மாற்றினால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. குறித்து வைத்த எண்களை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைக்க முடிந்தால் அவர் குறைப்பார். தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த மாத்திரைகள் இலவசம். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் முழுதானியத்துக்கு மாறலாமா?

மருத்துவரைக் கேட்காமல் மாற வேண்டாம். மற்றவர்களுக்கு நன்மை செய்யும் பொட்டாசியம், சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பையே குலைக்கக்கூடும். தவிட்டில் பாஸ்பரஸும் அதிகம். இத்தகையவர்களுக்குச் சில நேரங்களில் வெள்ளைச் சோறே பரிந்துரைக்கப்படுகிறது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பிறருக்கு அது நல்ல மாற்று என்று 2025-இல் உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருந்தாலும், சிறுநீரக நோயாளிகளுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆகாது.

அப்பாவுக்கு 78 வயது. பல் இல்லை, கைக்குத்தல் அரிசியை மெல்ல முடியவில்லை. வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். என்ன செய்வது?

சோற்று விஷயத்தில் விட்டுக்கொடுங்கள், அவர் விருப்பப்படியே வெள்ளைச் சோறு கொடுங்கள். அந்த வயதில் சாப்பிடாமல் மெலிந்துபோவது ரத்த அழுத்தத்தை விடப் பெரிய தொல்லை. சோறு குழைவாக இருக்கட்டும். அதில் பாசிப்பருப்பும் மசித்த கீரையும் சேர்ந்து வேகட்டும். இரவில் கேழ்வரகுக் கூழோ கம்பங்கூழோ மோர் விட்டுக் கொடுத்துப் பாருங்கள், மெல்லவே வேண்டியதில்லை. தட்டோரத்து ஊறுகாயை ஒரே நாளில் பிடுங்கினால் வீட்டில் சண்டை வரும். எலுமிச்சை ஊறுகாய்க்குப் பதிலாக எலுமிச்சைத் துண்டும் மிளகுத்தூளும் வைத்துப் பழக்கலாம். குழம்பில் உப்பை வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் நாக்குக்கு வேறுபாடு தெரியாது. தலைசுற்றல் இருந்தால் அவர் எழுந்து நின்றபின் ஒரு முறை அளந்து பாருங்கள். மாத்திரையும் உப்புக் குறைப்பும் சேர்ந்து முதியவர்களுக்கு அழுத்தம் சட்டென்று இறங்கிவிடுவதுண்டு. அப்படி இருந்தால் அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.